காற்று அமைதி

தாண்டவராயன் மேல் காற்று படுவது 2009 ஆகஸ்ட் 21, வெள்ளிக்கிழமை மாலை நாலேகால் மணியோடு நின்றுபோனது. அதற்குப் பிறகு மின்விசிறிக் காற்றோ கடற்காற்றோ புயற்காற்றோ எதுவும் அவரைத் தொடவில்லை. அவர் எங்கே நின்றாலும் சுற்றி எட்டடிக்குக் காற்று அசையாது. கொளத்தேரிக்காரர்கள் இதை இவ்வளவு துல்லியமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த நேரத்தில்தான் அவர் ஓர் அரசாங்கக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். தேதியும் மணியும் அவர் பெயருக்குக் கீழேயே எழுதியிருக்கின்றன.

கொளத்தேரி ஒரகடத்துக்கு மேற்கே இருக்கிற சின்ன ஊர். 2006-இல் அந்தப் பக்கமெல்லாம் நிலம் எடுத்தபோது கார் கம்பெனி, கண்ணாடிக் கம்பெனி, டயர் கம்பெனிகளோடு சிறிய விமானம் ஓட்டச் சொல்லித்தரும் பள்ளி ஒன்றும் வந்து இறங்கியது. தாண்டவராயனின் முக்கால் ஏக்கரும், அதை ஒட்டி ஊருக்குப் பொதுவாக இருந்த நெற்களமும் அதன் ஓடுபாதைக்குள் போயின. அந்த இடத்தில் ஏன் களம் வைத்தார்கள் என்பதை அளக்க வந்தவர்களிடம் அவர் அப்போதே சொன்னார். ஆனி பிறந்தால் ஆவணி முடிய, மதியத்துக்கு மேல் அங்கே மேற்கிலிருந்து ஒரு காற்று வரும். முறத்தைத் தலைக்கு மேலே தூக்கி நெல்லைச் சரித்தால் பதர் பத்தடி தள்ளிப் போய் விழும். பாதையைக் கிழக்கு மேற்காகப் போட்டால் விமானம் காற்றுக்கு எதிர்முகமாக இறங்கலாம், தெற்கு வடக்காகப் போட்டால் விலாவில் குத்தும் என்றார். அளக்க வந்தவர் அது சரிதான் என்று தலையாட்டினார். ஆனால் மேற்கே ஒரு பெரிய மனிதரின் மாந்தோப்பும் அதற்குள் அவர் குளிக்கிற நீல நிறக் குளமும் இருந்தன. பாதை தெற்கு வடக்காகவே போடப்பட்டது. திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் தின்றுவிட்டுப் போட்ட எச்சில் தட்டுகள் மூன்று நாள் களத்து மேட்டில் நாறிக் கிடந்தன. அவற்றை அள்ளுவதுதான் தாண்டவராயனுக்குப் பள்ளியில் கிடைத்த முதல் வேலை.

பிறகு அவரைக் காவலுக்கு வைத்துக்கொண்டார்கள். பாதையில் ஏறும் ஆடுகளை விரட்ட வேண்டும். கம்பத்தில் கட்டிய ஆரஞ்சு நிறத் துணிக்குழாயைப் பார்த்து, காற்று எந்தப் பக்கம், எவ்வளவு பலம் என்று மணிக்கொரு தரம் நோட்டில் எழுத வேண்டும். அந்தக் குழாயை ஊரில் காத்துப்பை என்றார்கள். அவர் ஒரு நாளும் தவறாமல் எழுதினார். அந்த நோட்டை யாரும் படிக்கவில்லை. மேனேஜர் பரசுராமன் மணிமங்கலத்துக்காரர். எந்த நேரமும் எதையாவது மென்றுகொண்டிருப்பார், கார் சாவியால் பல்லைக் குத்துவார், குத்தியெடுத்ததை ஒரு தரம் பார்த்துவிட்டு அந்தக் கையாலேயே எதிரில் இருப்பவர் தோளில் தட்டுவார். தாண்டவராயன் வீட்டுக்கு வந்ததும் முதலில் சட்டையைக் கழற்றித் தோளைக் கழுவுவார்.

பள்ளியில் படித்த பதினொரு பேரில் ஒருத்திதான் பெண். கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்தவரின் மகள் மாரிசெல்வி, இருபத்திரண்டு வயது. காத்துப்பையை மட்டும் பார்க்காமல் தாண்டவராயனையும் கேட்டுவிட்டு விமானம் ஏறுகிறவள் அவள் ஒருத்திதான். இன்று எப்படி அண்ணாச்சி என்பாள். அவர் மண்ணை ஒரு சிட்டிகை எடுத்து விட்டுப் பார்த்துச் சொல்வார். 2009 ஆடி பதினாலாம் தேதி, வியாழக்கிழமை மதியம், அவர் மண்ணை விடவே இல்லை. காத்துப்பை கம்பத்துக்குக் குறுக்கே இரும்புக் குழாய் மாதிரி விறைத்து நின்றது. இது பதர் தூற்றுகிற காற்று, இன்றைக்கு யாரையும் ஏற்ற வேண்டாம் என்று பரசுராமனிடம் போய்ச் சொன்னார். பரசுராமன் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். மாதக் கடைசிக்குள் இத்தனை மணி நேரம் பறந்ததாகக் கணக்குக் காட்ட வேண்டும், சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் மறைமலை நகருக்குப் போயிருந்தாலும் பரவாயில்லை, அவள் தனியாக ஓட்டுவாள் என்றார். சொல்லிவிட்டு எலும்பை உறிஞ்சினார்.

இரண்டு பேர் உட்காருகிற அந்த வெள்ளை விமானம் மூன்று தரம் இறங்கப் பார்த்தது. முதல் தரமும் இரண்டாம் தரமும் தரைக்கு ஆளுயரம் வரை வந்து, கிழக்கே தள்ளப்பட்டு, உறுமிக்கொண்டு மேலே ஏறிவிட்டது. மூன்றாம் தரம் அவள் மூக்கை மேற்கே திருப்பி, நண்டு நடக்கிற மாதிரி பக்கவாட்டில் கொண்டுவந்து, கடைசி நொடியில் நேராக்கினாள். அது சரியான வித்தை என்று பின்னால் விஷயம் தெரிந்த எல்லோரும் சொன்னார்கள். ஒரு சக்கரம் தரையைத் தொட்டது. அதே நேரம் பழைய களம் இருந்த இடத்தில் மேல்காற்று இறக்கைக்கு அடியில் புகுந்து, முறத்தில் நெல்லைப் புடைக்கிற மாதிரி விமானத்தை ஒரு தட்டுத் தட்டியது. அது கிழக்கே சறுக்கி, சாக்கடைக் கால்வாயில் மூக்கைக் குத்தி, தலைகீழாகக் கவிழ்ந்தது. தாண்டவராயனும் ஆடு மேய்க்க வந்த இரண்டு பேரும் ஓடிப்போய் அவளை இழுத்தார்கள். வலது கால் முழங்காலுக்குக் கீழே திரும்பியிருந்தது. பெட்ரோலும் கம்பெனிகள் விட்ட கழிவுத் தண்ணீரும் கலந்த நாற்றத்தில் அவள் கண்ணைத் திறந்து, காத்து அண்ணாச்சி, காத்து என்று மட்டும் சொன்னாள். பரசுராமன் பிரியாணிக் கையோடு வந்தார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்றா என்று அவர் கேட்கவில்லை. கம்பத்திலிருந்து காத்துப்பையைக் கழற்றச் சொன்னார், காற்று நோட்டைக் கேட்டார். இரண்டும் அன்று அவர் காரில் ஏறின. நோட்டின் அட்டையில் மஞ்சள் எண்ணெய் விரல்கள் பதிந்ததைத் தாண்டவராயன் பார்த்தார்.

மூன்று வாரம் கழித்து விசாரணைக்கு இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். காலையில் ஓடுபாதையைப் பத்து நிமிடம் பார்த்தார்கள், மதியம் மாந்தோப்பில் வறுத்த வஞ்சிரம் தின்றார்கள். மாலை மேனேஜர் அறையில் தாண்டவராயன் முன்னால் ஆங்கிலத்தில் தட்டெழுதிய ஒரு காகிதத்தை வைத்து, தமிழில் படித்துக் காட்டினார்கள். சம்பவ நேரத்தில் காற்று அமைதி, காவலர் நேரில் பார்த்தார், பயிற்சி மாணவியின் கவனக்குறைவு. காற்று அடித்தது என்று எழுதினால் பாதை ஏன் காற்றுக்குக் குறுக்கே கிடக்கிறது என்ற கேள்வி வரும், அதற்குப் பின்னால் மாந்தோப்பு வரும். முந்தின இரவே பரசுராமன் அவர் வீட்டுக்கு வந்து விளக்கியிருந்தார். தாண்டவராயனின் மருமகன் வெங்கடேசன் ஏர்பேக் கம்பெனி ஒன்றில் நாலு வருடமாக கான்ட்ராக்டில் கிடந்தான். அங்கே ஆளெடுக்கும் அதிகாரி பரசுராமனின் மச்சான். கையெழுத்து விழுந்தால் வெங்கடேசன் பர்மனென்ட். மனைவி பாப்பம்மாள், "அந்தப் பொண்ணுக்கு அப்பா கீறாரு. நம்ம பொண்ணுக்கு நாமதான் கீறோம். போட்டுட்டு வா" என்றாள்.

அவர் போட்டார். பேனாவை எடுத்ததும் மேசையில் படபடத்துக்கொண்டிருந்த காகிதங்கள் படிந்து அடங்கின. அதிகாரிகளுக்கு வேர்த்தது. கரண்டு போய்விட்டதா என்று மேலே பார்த்தார்கள். விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

முதலில் அவர் அதைக் காய்ச்சல் என்று நினைத்தார். வேர்வை காயவில்லை. குளித்தால் ஈரம் அப்படியே நின்றது. அடுப்புப் புகை அவர் பக்கம் வந்ததும் போக வழி தெரியாமல் தேங்கியது. திங்கட்கிழமை பிடித்த பீடியின் நாற்றம் வியாழக்கிழமை வரை கூடவே இருந்தது. தன் மூச்சையே திரும்ப இழுக்க வேண்டியிருந்தது. கொசுக்களுக்கு அவர் பக்கம் இடைஞ்சலே இல்லை, ஆற அமர உட்கார்ந்து குடித்தன. ஸ்ரீபெரும்புதூரில் டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து இருமல் மருந்து எழுதிக்கொடுத்தார். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து வரும் ஷேர் ஆட்டோவில் அவர் ஏறினால் பதினொரு பேரின் புழுக்கமும் வாயும் அக்குளும் வண்டிக்குள்ளேயே நின்றுகொண்டன. ஷிப்டு முடிந்து வரும் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு டிரைவரைத் திட்டினார்கள். பிறகு அவர் நடந்தே போனார். பாப்பம்மாள் பாயை எட்டடி தள்ளிப் போட்டாள். வீட்டுக்குள் எட்டடி இல்லாததால் அது வாசலுக்கு வந்துவிட்டது. ஆனால் மற்றவர்கள் மூக்கைச் சுளித்தது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. விடிந்து எழுந்து தன் வலது கையைப் பார்க்கும்போது குமட்டிக்கொண்டு வரும். அந்தக் கையால் சோறு பிசைய முடியாமல் ஸ்பூனில் தின்னப் பழகினார்.

2010-இல் பள்ளியை மூடிவிட்டார்கள். வெங்கடேசன், இப்போது பர்மனென்ட், தன் மாமனாரின் சங்கதியை கம்பெனியில் சொன்னான். அங்கே கார் மோதும்போது விரிகிற பைக்கான மருந்தை ஒரு கண்ணாடி அறையில் நிறுப்பார்கள். ஒருவர் தும்மினால்கூடத் தராசு ஆடிவிடும். தாண்டவராயனைத் தராசுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார்கள். எடை ஒரு நூலளவுகூடப் பிசகவில்லை. கேட் பாஸில் அவர் வேலை என்னவென்று எழுதுவது என இரண்டு நாள் பேசி, 'ஸ்டில் ஏர்' என்று எழுதினார்கள். மூன்று வருடம் அவர் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். மருந்துப் பொடி காற்றில் கலையாமல் அவர் புருவத்திலும் மூக்கு மயிரிலும் படிந்து, எச்சில் கசந்தது. மாதத்தின் சிறந்த ஊழியர் என்று போட்டோ எடுத்து, மேடையேற்றி, மாலை போட்டார்கள். மாலையின் சாமந்தி வாடை நகராமல் முகத்திலேயே நின்றது. அவர் மேடையிலேயே வாந்தி எடுத்தார். அதன் நாற்றமும் கூட்டம் முடியும் வரை அவரோடு நின்றது. ஆனாலும் எல்லோரும் கை தட்டினார்கள்.

2013 ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாரிசெல்வி கொளத்தேரிக்கு வந்தாள். கைத்தடி ஊன்றியிருந்தாள், வலது காலை இழுத்து வைத்தாள். வாசலில் பாப்பம்மாள் போட்ட நாற்காலியில் உட்கார்ந்ததும் அவள் துப்பட்டா பறப்பதை நிறுத்தியது. அவள் அதைக் கவனித்தாள். அவளுடைய லைசென்ஸ் கனவு போய்விட்டது, போட்ட மனுக்கள் திரும்பி வந்துவிட்டன. நாலு வருடமாகப் போகிற இடமெல்லாம், அன்று காற்றே இல்லை என்று காகிதத்தைக் காட்டுகிறார்கள். அவள் அப்பா சாகும்போதுகூட, நீ கொஞ்சம் பார்த்து இறக்கியிருக்கலாமேம்மா என்றுதான் சொன்னார். இதையெல்லாம் அவள் அழாமல் சொன்னாள். பிறகு கேட்டாள்.

"நான் கேஸுக்காகக் கேக்கல அண்ணாச்சி. எனக்கே இப்ப சந்தேகமாப் போச்சு. எல்லாரும் இல்ல இல்லன்னு சொல்லுதாங்க. அன்னைக்குக் காத்து அடிச்சுதா, இல்ல நான்தான் கிறுக்கச்சியா?"

தாண்டவராயன், தான் அவளுடைய ஒரு காலை மட்டும் விற்றுவிட்டதாகத்தான் அதுவரை நினைத்திருந்தார். அவள் தன் கண்ணையே நம்ப முடியாதபடி செய்திருப்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

"அட்ச்சிதும்மா" என்றார். "மேக்கால அட்ச்சிது. நான் அட்ச்சத பாத்துகினு, இல்லன்னு கையெழுத்து போட்டேன்."

அவள், அப்படியானால் நான் சரியாகத்தான் இறக்கினேன் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். பாப்பம்மாள் கொண்டுவந்த தண்ணீரைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டு, இதை விசாரணை ஆபீசில் வந்து சொல்வீர்களா என்று கேட்டாள். பாப்பம்மாள் மகளின் பெயரைச் சொல்லி ஏதோ ஆரம்பித்தாள், கீழே வைத்த தண்ணீரைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

அந்த வாரமே அவர்கள் இருவரும் சென்னையில் அந்த ஆபீசுக்குப் போனார்கள். வஞ்சிரம் தின்ற இருவரில் ஒருவர் பதவி உயர்ந்து அங்கே இருந்தார். தாண்டவராயன் உள்ளே வந்ததும் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, வந்த விஷயத்தைக் கேட்டார். தாண்டவராயன் விபத்து நடந்த அன்று காலை ஆறு மணியிலிருந்து ஒவ்வொரு மணிக்கும் காற்று எப்படி இருந்தது என்று நோட்டு இல்லாமலேயே ஒப்பித்தார். அதிகாரி எதையும் எழுதவில்லை. எழுந்து வந்து அவர் முன்னால் ஒரு தீக்குச்சியைக் கிழித்துப் பிடித்தார். விசிறி சுற்றிக்கொண்டிருக்க, சுடர் செதுக்கி வைத்த மாதிரி நின்றது.

"இன்னாய்யா, உன் பக்கத்துல காத்தே இல்லியே" என்றார் அதிகாரி. "அன்னிக்கும் நீதானே நின்னுகினு இருந்த. இருந்திருக்காது."

குச்சி கடைசி வரை எரிந்து அவர் விரலைச் சுட்டது. அவர் சிரித்தார், பக்கத்து மேசைக்காரர்களும் சிரித்தார்கள். தாண்டவராயன் அந்த ஆபீசின் மொசைக் தரையில், அதிகாரியின் செருப்புக்கு ஒரு சாண் தள்ளி, காறித் துப்பிவிட்டு வெளியே வந்தார். மாரிசெல்வி படியில் உட்கார்ந்து, அவர் ஒப்பித்ததையெல்லாம் இன்னொரு தரம் சொல்லச் சொல்லித் தன் டைரியில் எழுதிக்கொண்டாள். அறிக்கையில் ஓரெழுத்தும் மாறவில்லை. மாறியது வெங்கடேசனின் வேலை. அடுத்த மாதமே வருகைப் பதிவில் குறை என்று அவனை நிறுத்திவிட்டார்கள். அவன் ஒரு வருடம் மாமனாரோடு பேசவில்லை. தாண்டவராயனைக் கம்பெனி நிறுத்தவில்லை, சம்பளத்தைக் கூட்டித் தருவதாகச் சொன்னது. அவர் கேட் பாஸைத் தராசுத் தட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் ஊர் அவரைத் தேட ஆரம்பித்தது. ஒரகடத்தில் வெல்டிங் கடை வைத்திருக்கும் தாவீதுக்கு, காற்றில் வேலை செய்தால் பற்று சரியாக விழாது. பெயர்ப்பலகை எழுதுகிறவனுக்குத் தூசி ஆகாது. கோவிலில் கற்பூரம் அணையக்கூடாது. ஹாஸ்டல் பெண்கள் மொட்டை மாடியில் பிறந்தநாள் மெழுகுவர்த்தி கொளுத்த வேண்டும். எல்லோரும் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு வந்து கூப்பிட்டார்கள். அவர் யாரிடமும் எதுவும் வாங்கவில்லை. ஆனால் வந்து நிற்பதற்கு முன்னால் கூப்பிட்டவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அன்றைக்கு மேற்கிலிருந்து காற்று அடித்தது, அந்தப் பெண்மேல் தப்பில்லை. சிரித்துக்கொண்டு சொன்னால் திரும்பச் சொல்லச் சொல்வார். முதலில் இதைக் கிறுக்கு என்றார்கள். 2015 பிறந்தபோது கொளத்தேரியிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும், வடக்கிலிருந்து வந்து அப்போதுதான் தமிழ் பழகும் தொழிலாளிகள் உட்பட, அதைச் சொல்லாதவர்கள் குறைவு.

அந்த வருடம் ஆடியில் மணிமங்கலத்தில் பரசுராமனின் அப்பா இறந்தார். வெளியூர் மகள்களுக்காகக் காத்திருந்ததில் இரண்டு நாள் ஆகிவிட்டது, நடுவில் கரண்டு போய் ஐஸ் பெட்டியும் நின்றுவிட்டது. சுடுகாட்டுக்குக் கொண்டுவந்தால் மேல்காற்று ஆளைத் தள்ளியது. சுடுகாட்டுக்குக் கிழக்கே ஒரு பெயின்ட் கோடவுன். தீப்பொறி பறந்தால் எல்லாம் போய்விடும் என்று கோடவுன்காரர்கள் கொள்ளி வைக்க விடவில்லை. காற்று தணியட்டும் என்று மதியம் வரை பார்த்தார்கள். பிணத்திலிருந்து நீர் இறங்க ஆரம்பித்தது. ஈக்கள் வந்தன. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக மரத்தடிக்கு நகர்ந்தார்கள். யாரோ தாண்டவராயனைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

அவர் பத்தடி தள்ளி நின்றுகொண்டார். பரசுராமன் மொட்டை போட்டு, ஈர வேட்டியோடு, கையில் கொள்ளியோடு நின்றார். முதல் முறையாக அவர் வாயில் ஒன்றும் இல்லை. என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சுற்றிலும் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். ஓர் ஈ பரசுராமன் உதட்டில் உட்கார்ந்து எழுந்தது. பிறகு தரையைப் பார்த்து முணுமுணுத்தார்.

"பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்கல, சார்" என்றார் தாண்டவராயன்.

பரசுராமன் நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அன்னிக்கி மேக்கால காத்து அட்ச்சிது. பாதைய தப்பா போட்டோம். அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல" என்றார். நடு வாக்கியத்தை யாரும் அவரிடம் கேட்கவில்லை, தானாகவே வந்தது. மரத்தடியில் நின்ற ஒருவர் அதைப் போனில் பதிந்து வாட்ஸாப்பில் விட்டார். அது கை மாறி மாறி, மீனம்பாக்கத்தில் ஒரு சரக்குக் கம்பெனியில் வேலை பார்த்த மாரிசெல்விக்கும் போனது. இரண்டு டிக்கும் நீலமாயின.

தாண்டவராயன் சிதைக்குப் பக்கத்தில், தோல் பொறுக்கிற தூரத்தில், எலும்பு வேகும் வரை மூன்று மணி நேரம் நின்றார். சுற்றிலும் மரங்கள் பேயாட்டம் ஆட, தீ செங்குத்தாக நின்றது, ஒரு பொறிகூட கிழக்கே போகவில்லை. ஆனால் எரிந்த கொழுப்பின் வாடையும் புகையும் எட்டடி வட்டத்துக்குள் தேங்கி அவர் தலைமயிரிலும் தொண்டையிலும் ஏறிக்கொண்டன. அவர் குமட்டக் குமட்ட நின்றார். அந்த நாற்றம் போகப் பதினாறு நாள் ஆனது. பாப்பம்மாள் சோற்றுத் தட்டைத் தூரத்தில் வைத்து ஒரு குச்சியால் தள்ளிவிட்டாள். பதினேழாம் நாள் காலை தாவீது வந்து வாசலில் நின்றார். துணியை மூக்கிலிருந்து இறக்கி, யாரும் கேட்பதற்கு முன்பே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, பத்து மணிக்கு வெல்டிங்குக்கு ஒரு லாரி ஆக்சில் வருகிறது என்றார். தாண்டவராயன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.